இன்ஜினின் நெற்றி

மைக்கில் முனவ்வராவின் பெயரைச் சொன்னதும் மைதானமே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது ஒரு காரணம். தட்ட மனசு வரவில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

முனவ்வரா வேறு யாரோ இல்லை. ரவுண்ட் ராக் என்கிற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி அவள் வீட்டிலிருந்து வரும், அவள் நோன்பு பிடித்தால் மாலையில் பழம் நறுக்க நான் போய் நிற்பேன். அவள் கணவர் பசீர் அகமதும் என் கணவர் குமாரசாமியும் ஒரே ஆபீஸ். முதலில் பக்கத்துப் பக்கத்து சீட். போன வருஷம் பசீர் அண்ணா மேனேஜர் ஆனார், என் வீட்டுக்காரர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார். இவர் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த டிராக்டர் பைத்தியம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பிடித்தது. புல் வெட்டும் சின்ன டிராக்டரில் கத்தியைக் கழற்றிவிட்டு, பின்னால் ஓர் இரும்புச் சறுக்குவண்டியைக் கட்டி இழுக்கிற போட்டி. இழுக்க இழுக்க, சறுக்குவண்டியில் இருக்கும் பாரப்பெட்டி முன்னால் ஏறிக்கொண்டே வரும். ஏதோ ஓர் இடத்தில் டயர் மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றுவிடும். யார் அதிக தூரம் போய் நிற்கிறாரோ அவர் ஜெயித்தார். வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து இவ்வளவு எடைதான் என்று விதி. ஓட்டுகிறவர் லேசாக இருந்தால் மிச்ச எடைக்கு இரும்புக் கட்டிகளை வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் தொப்பை போட்ட ஆண்கள் ஸ்பேனரோடு ஓரமாக நின்றுகொண்டார்கள். எங்களை ஏற்றிவிட்டார்கள். விளையாட்டாக ஏறினேன். பிறகு இறங்க மனசில்லை. அந்தச் சின்ன இன்ஜின் பாரத்தில் முக்கும்போது என் வயிறும் சேர்ந்து முக்கும். அதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு இந்த நாட்டில் வேறு கிடைக்கவில்லை.

எங்களுடையது ஸ்டாக் கிளாஸ். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியேதான் இன்ஜின் இருக்க வேண்டும். முக்கியமாக டைமிங்கில் கை வைக்கக் கூடாது. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் பொறி விழும். எவ்வளவு முன்னால் என்பது கம்பெனி வைத்த கணக்கு. இன்ஜினின் நடுத்தண்டையும் அதன் தலையில் சுற்றும் கனமான சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது விரல்நகம் அளவு உலோகத் துண்டு ஒன்று. சாவி என்பார்கள். நேரான சாவியை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு படி விலகிய சாவியைச் செருகினால் சக்கரம் ஒரு நூல் திரும்பி உட்காரும். பொறி சீக்கிரம் விழும், வேகம் பிடித்தபின் இன்ஜினுக்குப் பலம் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இந்தப் பாடத்தை எனக்கு எடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். இந்த வருஷம் இரண்டு போட்டியில் பசீர் அண்ணா வண்டி எங்களைத் தாண்டியபோது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். "எல்லாரும் சாவிய மாத்தித்தான் ஓட்டறாங்க வள்ளி. ரூல்ஸ் பாத்து ஓட்டறது நாம மட்டுந்தான். நாமதான் ஏமாளி."

"பசீர் அண்ணாவுமா?"

"நான் யாரையும் சொல்லல," என்றார். ஒருவரையும் சொல்லாமல் ஒருவரைச் சொல்லும் வித்தை அவருக்கு நன்றாக வரும்.

ஆயுத பூஜையன்று கராஜில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் கும்பிட்டோம். கார், லேப்டாப், மிக்ஸி, கடைசியில் டிராக்டர். கடைசிப் போட்டிக்காக இவர் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றித் தூசி தட்டி வைத்திருந்தார். இறக்கை வைத்த அந்தச் சக்கரமும் அதன் நடுவில் பெரிய நட்டும் பளிச்சென்று தெரிந்தன. நட்டும் சக்கரமும் சேருகிற இடத்தில், இரண்டின் மீதும் படுகிற மாதிரி, மோதிர விரலால் சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தேன். சுண்டலுக்கு வந்திருந்த முனவ்வரா குனிந்து பார்த்தாள்.

"இங்க எதுக்கு வள்ளி பொட்டு?"

"இதுதான் இன்ஜினோட நெத்தி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சுண்டல் கிண்ணத்தோடு நின்ற பசீர் அண்ணா சொன்னார். "குமார், இனிமே நீ அந்த நட்டுல கை வைக்க முடியாதுப்பா. திருப்பினா பொட்டு உடைஞ்சிரும். வள்ளி சீல் வெச்சிருச்சு." எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலையில் விளக்கேற்றப் போனேன். குங்குமச் சிமிழ் திறந்து கிடந்தது. மூடியில் கறுப்பாகக் கிரீஸ் படிந்த ஒரு பெருவிரல் ரேகை. சாமியாவது பூதமாவது என்று பேசுகிற மனுஷன், போட்டி நெருங்கியதும் எனக்குத் தெரியாமல் வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துபோனது. அந்த ரேகையைத் துடைக்காமல் விட்டேன். போனில் அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது அந்தப் பெருமைதான் முதலில் முகத்தில் அறைகிறது.

அன்று சாயங்காலம் பயிற்சிக்கு வண்டியைக் கிளப்பினேன். எடைக்காகப் பேட்டரியைக் கழற்றிவிட்டதால், கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். இழுத்தேன். பாதி சுற்றுவதற்குள் இன்ஜின் திரும்பி உதைத்தது. கைப்பிடி என் கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது. மணிக்கட்டில் சுளீர் என்றது.

"ஏனுங்க, இது ஏன் இப்புடி ஒதைக்குது?"

"நீ அரைமனசா இழுக்கற. தயங்காம சர்ருன்னு இழு," என்றார் அவர்.

நம்பினேன். இழுக்கத் தெரியாதது என் குற்றம் என்று நினைத்து, தினமும் இழுத்துப் பழகினேன். சில நாள் கிளம்பும், சில நாள் உதைக்கும். கை வீங்கியது. ராத்திரி அவர் தைலப் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைப்பார். ஒருநாளும் தேய்த்துவிடவில்லை. கையைப் பார்க்கக்கூட இல்லை.

போட்டிக்குப் போன மைதானம், ஊருக்குக் கிழக்கே பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. நம் ஊர்க் கரிசல் மாதிரியே கறுப்பு மண். வீங்கின கையோடு கயிற்றை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். கடைசி நேரத்தில், பாரம் ஏறி வேகம் குறைந்தபோது, இன்ஜினுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோலத் தட்டியது. நின்றுவிட்டோம். எனக்கு அடுத்து வந்த முனவ்வரா என்னைத் தாண்டி நாலடி போய் நின்றாள்.

அவ்வளவுதான். எனக்குள் ஒரு பேய் எழுந்தது. என் கை போனது மிச்சம், அவள் நோகாமல் ஜெயித்துவிட்டுப் போகிறாள், எப்படி? ஏமாளி, ஏமாளி என்று இவர் தட்டுக்கு முன்னால் சொன்னது காதில் ஓடியது. நேராக ராண்டியிடம் போனேன். ராண்டிதான் அங்கே வண்டிகளைச் சோதிக்கிறவர், சிவப்புத் தொப்பி வைத்த கனத்த மனிதர், பெண்கள் வந்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவார். அந்த இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும், சாவியை மாற்றியிருக்கிறார்கள், இது சீட்டிங் என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. மைக் தேவைப்படாத அளவுக்குச் சொன்னேன்.

முனவ்வரா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "எங்களையா சொல்ற வள்ளி?"

"செய்யலேன்னா தெறந்து காட்டுங்க."

ராண்டி விதியை நினைவுபடுத்தினார். யார் திறக்கச் சொல்கிறாரோ, அவருடைய இன்ஜினையும் திறந்து காட்ட வேண்டும். வெறும் பொறாமையில் யாரும் கிளம்பிவிடக் கூடாது என்று வைத்த விதி. தாராளமாக, என்றேன். என் வீட்டுக்காரர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"வேண்டாம் வள்ளி. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்கு இதெல்லாம்? வா, லோட் பண்ணிட்டுப் போலாம்."

"மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? நமக்கென்னங்க?" என்று கையை உதறினேன். உதறியது வீங்கிய கை. வலித்தது.

பசீர் அண்ணா ஸ்பேனரை எடுத்தார். தானே மூடியைக் கழற்றி, நட்டைத் திருப்பி, சக்கரத்தை உருவி எடுத்தார். ராண்டி சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். நேரான சாவி. கம்பெனி சாவி. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். மன்னிப்பு என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "சரி, எங்களுதையும் தெறங்க," என்றேன். தோற்றாலும் நேர்மையாகத் தோற்றோம் என்று காட்டிவிடும் வீம்பு.

மூடியைக் கழற்ற ராண்டி கையை வைத்தபோதே நான் ஆரம்பித்துவிட்டேன். பூஜையன்று இந்த நட்டின்மேல் பொட்டு வைத்தேன், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை, திருப்பியிருந்தால் பொட்டு உடைந்திருக்கும் என்று என் இங்கிலீஷில் விளக்கினேன். மூடி வந்தது. நட்டின் ஓரத்தில், சக்கரத்தின் மீதும் பட்டு, முழுசாக ஒரு சிவப்புப் பொட்டு.

ராண்டி குனிந்து பார்த்தார். நாங்களும் நட்டில் பெயின்ட் கோடு போட்டு வைப்போம், இதுவும் அதேதான் என்றார். இருந்தாலும் யாராவது சாட்சி உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

கூட்டத்திலிருந்து முனவ்வரா முன்னால் வந்தாள். "ஐ சா இட், ராண்டி. ஐ வாஸ் தேர். வள்ளி புட் இட் தேர். யூ ஹேவ் மை வேர்ட்." பிறகு என்னைப் பார்க்காமலே அவரிடம் இங்கிலீஷில் சொன்னாள். "கழட்ட வேண்டாம். அவ பொய் சொல்ல மாட்டா."

உங்கள் வார்த்தை போதும், என்றார் ராண்டி. பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவ்வளவு நீளமான மூச்சு எதற்கு என்று அப்போதுதான் தோன்றியது. குனிந்து பொட்டைப் பார்த்தேன்.

மஞ்சள் இல்லை.

சந்தனம் இல்லாமல் நான் குங்குமம் வைத்ததே கிடையாது. என் பொட்டு என்றால் சிவப்பைச் சுற்றி ஒரு மஞ்சள் விளிம்பு காய்ந்து வெடித்திருக்கும். இது ஒரே சிவப்பு. மினுமினுத்தது. கிரீஸில் குழைத்த குங்குமம். மோதிர விரல் அளவும் இல்லை, பெருவிரல் அகலம். எங்கள் வீட்டுச் சிமிழ் மூடியில் நான் துடைக்காமல் வைத்து அழகு பார்க்கிற அதே பெருவிரல்.

கயிறு ஏன் உதைத்தது, ஆணி அடிக்கிற சத்தம் ஏன் வந்தது, இவர் என் கையை ஏன் பார்க்கவே இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தன. பொறி சீக்கிரம் விழுந்தால், மெதுவாக இழுக்கிற கயிற்றை இன்ஜின் திருப்பித்தான் உதைக்கும். இது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் என்னை இழுக்கச் சொன்னார்.

நான் உடனே கத்தவில்லை. நல்லவள் மாதிரி எழுதிவிடலாம், ஆனால் அது நடக்கவில்லை. ராண்டியைப் பார்த்து "தேங்க் யூ" என்றேன். வாய் தானாகச் சொன்னது. யாருக்கும் தெரியாது, அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு புத்தி சொன்னது. அப்போது முனவ்வரா என் கையைப் பிடித்தாள். சற்று முன்னால் ஊரைக் கூட்டி நான் கள்ளி என்று சொன்ன முனவ்வரா.

"என்ன இது, இவ்ளோ வீங்கிருக்கு? வா, எங்க கூலர்ல ஐஸ் இருக்கு."

எனக்கு மனசு உடைந்துவிட்டது. "அது என் பொட்டு இல்ல முனவ்வரா," என்றேன்.

அவள் இன்ஜினைப் பார்த்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. பசீர் அண்ணாவுக்கும் காதில் விழுந்துவிட்டது. ராண்டிக்குத் தமிழ் தெரியாது, அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். பசீர் அண்ணா கிட்டே வந்து தணிந்த குரலில், "குமார், மூடிய மாட்டு. எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்," என்றார்.

யார் மீது பழி போட்டோமோ அவரே எங்கள் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். இதைவிடப் பெரிய அடி யாரும் அடிக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு அது அடியாகவே தெரியவில்லை. சட்டென்று குனிந்து மூடியை எடுத்தார். எடுத்தாரே, அந்த நிமிஷம் அவர் பெண்டாட்டி என்று அங்கே நிற்க எனக்குக் கூசியது.

இன்ஜின் மேல் கையை வைத்து மறைத்தேன். "ஓப்பன் இட், ராண்டி. ப்ளீஸ்."

"வள்ளி..." என்றார் இவர்.

"நீங்களே கழட்டுங்க."

கழற்றினார். ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. சாவி வெளியே வந்தது. நடுவில் ஒரு படி விலகிய சாவி. ராண்டி அதைப் பசீர் அண்ணாவின் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம். அவர் திட்டவில்லை. இவ்வளவு முன்னால் பொறி விழுந்தால் பாரத்தில் இன்ஜின் தன்னையே அடித்துக்கொள்ளும், இதனாலேயே நீங்கள் தோற்றிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பலகையிலிருந்து எங்கள் எண்ணை எடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நாங்கள் அதற்குக் குங்குமமும் சொந்தமாகக் கொண்டுபோயிருந்தோம்.

அப்போது முனவ்வரா ராண்டியிடம் போனாள். "ஐ ஆம் ஸாரி. ஐ கேவ் யூ மை வேர்ட். ஐ வாஸ் ராங்," என்றாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்த மைதானத்தில் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டது அவள் ஒருத்திதான். ஒரு தப்பும் செய்யாதவளும் அவள் ஒருத்திதான்.

திரும்பி வரும் வழியில் இவர்தான் காரை ஓட்டினார். டிரெய்லரில் வண்டி தடதடவென்று ஆடிக்கொண்டு வந்தது. வீடு நெருங்கியபோதுதான் வாய் திறந்தார்.

"ஆபீஸ்லயும் அவன்தான் மேல. இதுலயாவது ஒரு தடவ ஜெயிக்கோணும்னு இருந்துச்சு வள்ளி."

"என் கை?"

கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்தார். "சரியாயிரும்னு நெனச்சேன்," என்றார். அப்புறம், "மண்டே அவன் முகத்துல எப்புடி முழிக்கறது?" என்றார். இன்னமும் அவருக்கு அதுதான் கவலை.

"மண்டே வரைக்கும் எதுக்குங்க? இப்பவே முழிக்கலாம். அவங்க வீட்டுக்குத் திருப்புங்க."

திருப்பினார். டிரெய்லரோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றோம். பெல் அடித்தேன். முனவ்வரா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக மணிக்கட்டைப் பார்த்தாள். "இன்னும் ஐஸ் வெக்கலியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பசீர் அண்ணா வந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை, கதவையும் சாத்தவில்லை.

என் வீட்டுக்காரர் கால்மிதியின் மேல் நின்றபடியே பேச ஆரம்பித்தார். "பசீர், நீ சாவிய மாத்திட்டேன்னு இவ நெனைக்கிற மாதிரி பேசினது நான்தான். மாத்தினதும் நான்தான். பொட்ட நானே வெச்சேன். இவ கைய ஒடச்சதும் நான்தான்." அதற்குமேல் முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதார். என் பக்கம் திரும்பி இதைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் சொல்லிவிட்டார் என்று இருந்தது.

அவரைச் சொல்ல வைக்கத்தான் இழுத்து வந்தேன். எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது என்பது, முனவ்வரா ஐஸ் பையோடு எதிரே வந்து நின்றபோதுதான் உறைத்தது. அவர் செய்தது ராத்திரியில் ஒளிந்து செய்தது. நான் செய்தது பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, வாய் நிறைய.

"முனவ்வரா, எல்லார் முன்னாடியும் ஒன்னைச் சீட்டிங்னு சொல்லிட்டேன்."

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். எப்போதும் அவள் சொல்கிற வார்த்தை அதுதான்.

"ஆமா, சொன்ன," என்றாள்.

என் கையை இழுத்து, ஐஸ் பையை மணிக்கட்டின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். நன்றாக வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.